புகை போவது நுரையீரலுக்கு, கெடுவது கண்ணா?

"அப்பா நாற்பது வருடமாக பீடி குடிப்பவர். இப்போது ஒரு கண்ணில் கதவு நிலை வளைந்து தெரிகிறதாம். கண் டாக்டர் பீடியை விடச் சொல்கிறார். புகைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நுரையீரலுக்குப் போன புகை ரத்தத்தில் கலக்கிறது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள கோராய்டு படலமோ, எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ரத்தம் பாயும் இடங்களில் ஒன்று. புகையின் நஞ்சு அங்கே தாராளமாகப் போய்ச் சேரும்.

அதை ஒட்டிய விழித்திரையில் நடக்கும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். ஒளியை உணரும் ஒவ்வொரு கோல் செல்லிலும் அப்பளக்கட்டு மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அடியில் புதுத் தட்டுகள் முளைக்க, பழையவை நுனிக்குத் தள்ளப்படுகின்றன. விடிந்து வெளிச்சம் பட்டதும் நுனித் தட்டுகள் கொத்தாக உதிரும். பக்கத்திலிருக்கும் நிறமி அடுக்கின் செல்கள் அவற்றை விழுங்கிச் செரித்துவிடும். தினமும் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கழிகிறது. 1967இல் ரிச்சர்ட் யங் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலி, தவளைகளுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் (புரதத்தின் மூலப்பொருள்) செலுத்தி, புதுத் தட்டுகளில் சேர்ந்த அந்தக் கதிரியக்கத் தடம் நாளுக்கு நாள் நுனியை நோக்கி நகர்வதைக் காட்டினார். எலியில் பத்து நாள் பயணம். 'தவளைக் கண்ணை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது' என்று அன்று பணத்தை மறுத்திருந்தால், உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கக்கூடிய மாக்குலா சிதைவு நோயைப் புரிந்துகொள்ள இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! அடிப்படை ஆராய்ச்சிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

விழுங்கும் அந்தச் செல்கள் பெருகுவதில்லை. பிறந்தபோது வந்தவையே கடைசிவரை. தட்டுகளிலோ மீனில் இருப்பது போன்ற டிஎச்ஏ கொழுப்பு நிறைய. ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் காறிப்போவதுபோல அதுவும் கெடும். புகை அதை விரைவுபடுத்துகிறது. காறிய கொழுப்பு செரிக்காமல் செல்லுக்குள் தேங்குகிறது. புகையிலையிலுள்ள காட்மியமும் அங்கேயே படிகிறது. கீரையிலிருந்து வந்து கண்ணைக் காக்கும் லூட்டீன் புகைப்பவர் ரத்தத்தில் குறைவு. கடைசியில் நிறமிச் செல்கள் சாக, அவற்றை நம்பிய ஒளிச்செல்களும் சாகின்றன. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதைகிறது. புகைப்பவருக்கு இந்த ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு.

செத்த செல் திரும்பாது. ஆனால் கோடு வளைந்து தெரிவது, புதிதாக முளைத்த ரத்தக்குழாய் கசிவதாலும் இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் கண்ணில் ஊசி போட்டுக் கட்டுப்படுத்த முடியும். எனவே அப்பாவை இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மற்றக் கண்ணுக்காகவாவது பீடியை இன்றே விடட்டும். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடி, மாதக் காலண்டரின் கட்டங்கள் வளைந்து தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடி.