பூசணி விதை வறுவல்: ஓட்டைப் பார்க்காதீர்கள், பருப்பைப் பாருங்கள்

பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் பூசணியை நறுக்கி முடித்ததும் நடுவில் இருக்கும் விதைக் கொத்து நேராகக் குப்பைக்குப் போகிறது. அதே மாதம் அதே வீட்டு மளிகைப் பட்டியலில் உரித்த பச்சைப் பூசணி விதைப் பாக்கெட் ஒன்றும் ஏறுகிறது. கேட்டால், "வீட்டுல வறுத்துப் பாத்தோம், சரியா வரல" என்பார்கள். வறுத்தும் சவசவவென்று இருந்தது, உள்ளே கசந்தது, மசாலா ஒட்டாமல் தட்டிலேயே தங்கிவிட்டது. உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறைகள் இந்த மூன்றும்தான். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம், மூன்றாவதற்கு வழுவழுப்பான ஓடு.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். கடையில் விற்கும் பச்சை விதை இயந்திரத்தில் ஓடு நீக்கியதாக இருக்கும். இல்லையென்றால், கெட்டி ஓடே உருவாகாத தனி ரகத்தில் விளைந்ததாக இருக்கும். ஆஸ்திரியாவின் ஸ்டைரியா வட்டாரத்தில் தோன்றிய ரகம் அது. நம் ஊர் மஞ்சள் பூசணி விதைக்கு வெள்ளை ஓடு உண்டு. ஓட்டை உடைத்தால் மெல்லிய பச்சைத் தோல் போர்த்திய அதே பருப்புதான் உள்ளே இருக்கிறது. தடியங்காய், அதாவது வெண்பூசணி, விதையில் ஓடு அதிகம், பருப்பு சொற்பம். அதை வறுக்க மெனக்கெட வேண்டாம்.

நன்றாக முற்றிய காயாகப் பாருங்கள். காம்பு காய்ந்து, நகம் இறங்காத தோலோடு இருக்க வேண்டும். பிஞ்சில் விதை வெறும் ஓடாகவே இருக்கும். பத்தை போட்டு விற்கும் கடையில் விதையைக் கேட்டு வாங்குவதானால் காலையில் வெட்டிய உடனே வாங்குங்கள். மதியம் வரை ஈ மொய்த்துக் கிடந்தது வேண்டாம். சதையில் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். கசந்தால் சதை, விதை இரண்டையும் கொட்டிவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் தரும் கசப்பு அது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். விதைப்புக்கு விற்கும் விதையையும் தொடாதீர்கள். சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று பொருள்.

விதைக் கொத்தை அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டுக் கையால் பிசைந்தால் நார் பிரிந்துவரும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். வழவழப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் வறுக்கும்போது அந்த இடம்தான் முதலில் கருகும், அதிலுள்ள சர்க்கரைதான் காரணம்.

உப்பு உள்ளே இறங்க வேண்டுமானால் வறுப்பதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஒரு டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு. கொதி வந்தபின் சிறு தீயில் 10 நிமிடம் வைத்து வடித்துவிடுங்கள். ஓடும் கொஞ்சம் இளகும், பருப்பிலும் உப்பு சாரும். இப்படிச் செய்தால் பிறகு மேலே உப்புத் தூவக் கூடாது. மாதக்கணக்கில் எடுத்துவைக்கப் போகிற விதையை அவிக்காமல் அப்படியே காயவையுங்கள்.

பொறுமை வேண்டியது காயவைப்பதில்தான். வெள்ளை வேட்டித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி மொட்டைமாடியில் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலென்றால் இரண்டு நாள் போதும். தை மாதம் மூன்று நாள் ஆகும். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் வெயிலை நம்ப முடியாது. அங்கே இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, மறுநாள் ஓவனில் 60 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் இருப்புச் சட்டியை மிதமாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு விதையைப் போட்டுக் கிளறுங்கள், இதை மூன்று நான்கு தடவை செய்யுங்கள்.

காய்ந்ததா என்று அறிய ஒரு விதையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து வளையுங்கள். வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 'டக்'கென்று உடைய வேண்டும். ஓட்டின் மேலிருக்கும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வும் தானாக உரிந்து நிற்கும். கையால் தேய்த்துச் சுளகில் ஒரு புடை புடைத்தால் அது பறந்துவிடும். ஈரம் போகாமல் டப்பாவில் அடைத்த விதையில் சாம்பல், பச்சை, கருப்பு என்று எந்தப் பூஞ்சைப் பொட்டு தெரிந்தாலும் வறுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுக்கிற சூட்டில் முழுதாக அழிவதில்லை.

ஈர விதையைச் சட்டியில் போட்டால் என்ன நடக்கிறது? அடுப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. விதை வறுபடாமல் தன் ஆவியிலேயே வேகிறது, ஓடு தோல்போல் இழுபடுகிறது. பொறுமை போய்த் தீயைக் கூட்டுகிறோம். ஈரம் போன மறுநிமிடமே சூடு எகிறி உள்ளே பருப்பு கருகுகிறது. வெளியே ஓடு வெளுப்பாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓட்டின் நிறத்தைப் பார்த்து வறுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடி கனத்த இருப்புச் சட்டி, சிறு தீ, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் விதை. எண்ணெய் வேண்டாம். கைவிடாமல் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் விதை கொஞ்சம் உப்பிக்கொள்ளும், 'பட் பட்'டென்று சத்தம் வரும். அதற்குப் பிறகு நிமிடத்துக்கு ஒரு விதையை எடுத்து உடைத்துப் பாருங்கள். பருப்பின் உட்பக்கம் வெண்மை மாறி இளம் மஞ்சளாகும்போதே இறக்கிவிட வேண்டும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால், இறக்கியபின் உள்சூட்டில் அது பழுப்பாகிக் கசந்துவிடும். உடனே அகலமான தட்டில் கொட்டிப் பரப்புங்கள், சட்டியிலேயே விடாதீர்கள். மொத்தம் 10 முதல் 12 நிமிடம் ஆகும். ஓவனில் என்றால் 150 டிகிரியில் 20 நிமிடம், நடுவில் இரண்டு தடவை கிளற வேண்டும்.

கடலைக்காரர் மணலில் வறுப்பதுபோல் வீட்டில் உப்பில் வறுக்கலாம். சூடு சீராகப் பரவ இதைவிட நல்ல வழி இல்லை. அரைக் கிலோ தூத்துக்குடிக் கல்லுப்பைச் சட்டியில் நன்றாகச் சூடாக்கி, காய்ந்த விதையைப் போட்டு நான்கைந்து நிமிடம் புரட்டி, அரிப்பில் சலித்தெடுங்கள். விதை நன்கு காய்ந்திருந்தால் உப்பு அதிகம் ஒட்டாது. அதே உப்பை அடுத்த வறுவலுக்கும் எடுத்துவைக்கலாம்.

இனி மசாலா. வழுவழுப்பான ஓட்டில் உலர்ந்த பொடி நிற்காது, அதைப் பிடித்துவைக்க ஏதாவது ஒன்று வேண்டும். அவிக்காத விதையென்றால் அரைத் தேக்கரண்டி தூளுப்பை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வறுபட்டுக்கொண்டிருக்கும் சூட்டிலேயே தெளித்து ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். உப்புக்கடலையில் இருப்பதுபோல் வெள்ளைப் பூச்சு படியும். காரம் வேண்டுமானால் அடுப்பை அணைத்தபின் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் புரட்டி, கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம், மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிய கருவேப்பிலை சேருங்கள். மிளகாய்த்தூளை எரியும் அடுப்பில் போட்டால் வீடே இருமும், பொடியும் கசக்கும். எண்ணெய் பட்டது ஒரு வாரத்துக்குமேல் நிற்காது, சிக்கு வாடை வந்துவிடும். அதனால் தேவைக்கு மட்டும் மசாலா போடுங்கள்.

ஒரு நாளைக்கு உரித்த பருப்பு 25 கிராம், அதாவது சிறு கைப்பிடி, போதும். அதில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 140 கலோரியும் இருக்கின்றன. மக்னீசியமும் துத்தநாகமும் நிறைய. சாயங்காலச் சேவுக்கும் மிச்சருக்கும் பதிலாகச் சாப்பிடுங்கள். அதோடு இதையும் சேர்த்தால் எடைதான் ஏறும். மெல்லிய ஓடாக இருந்தாலும் ஓட்டோடு அளவில்லாமல் மெல்ல வேண்டாம். ஓட்டுத் துணுக்குகள் குடலில் அடைந்து கடும் மலச்சிக்கல் வரலாம், முதியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு விதை தரவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். பருப்பைப் பொடித்து இட்லிப்பொடியில் கலந்து கொடுங்கள். பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். குடற்புழுவுக்கு இது போதும் என்று பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரைக்கும் இது மாற்றில்லை.

முழுக்க ஆறியபின் கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர் சம்படத்திலோ போட்டு மூடுங்கள். எண்ணெய் படாதது இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமத்துப்போனால் வெறும் சட்டியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டினால் மொறுமொறுப்புத் திரும்பிவிடும். வாசனை மாறியிருந்தால் புரட்டாதீர்கள், கொட்டிவிடுங்கள்.