உளுந்து வேரும் முழங்கை அரிப்பும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 'சம்பா அறுப்புக்கு முன் மெழுகுபதத்தில் உளுந்து தெளித்தோம். நடுவயலில் நன்றாக வந்திருக்கிறது. வாய்க்கால் கரையோரம் மட்டும் சோனியாக நிற்கிறது. கரை முழுக்கப் பார்த்தீனியக் களை. அப்பா கண்ணேறு என்கிறார். செடிதான் காரணமா?'

கண்ணேறுக்குக் கரையோரம், நடுவயல் என்ற பேதம் கிடையாது. செடிக்கு உண்டு.

ஒரு செடியின் வேதிப்பொருள் இன்னொரு செடியைப் பாதிப்பதற்கு 1937-இல் 'அல்லெலோபதி' என்று பெயர் வைத்தவர் ஹான்ஸ் மோலிஷ். பார்த்தீனியத்தின் ஆயுதம் பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்மயிர்களில் ஊறியிருக்கும். மழையில் கழுவப்பட்டும் சருகு மட்கியும் மண்ணில் இறங்கும்.

விதை நீரை உறிஞ்சுவதும், நொதிகள் சேமிப்பைக் கரைப்பதும், முளைவேர் வெளிவருவதும் பள்ளியில் படித்ததுதான். பார்த்தீனின் கைவைப்பது புரதங்களில். அதன் மூலக்கூற்றில் லாக்டோன் எனப்படும் ஓர் அணுவளையம். வளையத்துக்கு வெளியே இரட்டைப் பிணைப்போடு துருத்தி நிற்கும் ஒரு கார்பன் அணு. எலக்ட்ரானுக்கு ஏங்கும் இடம் அது. புரதத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகத்திடமோ கொடுப்பதற்கு எலக்ட்ரான் இருக்கிறது. இரண்டும் நெருங்கினால் இரட்டைப் பிணைப்பு திறந்து, கந்தகத்தைத் தூண்டில்முள் போல் பிடித்துக்கொள்ளும். சிக்கிய நொதி முடங்கிவிடும். நஞ்சை முறிக்க செல் வைத்திருக்கும் குளூட்டாதயோனிலும் இதே கந்தகம்தான், அதுவும் காலியாகிறது. மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும் வேர்நுனி செல்கள் தடுமாற, வேர் குட்டையாகிறது.

பார்த்தீனியத்தைப் பிடுங்கியவர்களுக்கு அரிப்பும் கொப்புளமும் வருவதும் இதே வினையால்தான். தோலின் புரதத்தில் பார்த்தீனின் ஒட்டிக்கொள்ள, உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தப் புரதத்தையே அந்நியமாகப் பார்க்கிறது. உளுந்தின் வேருக்கும் நம் முழங்கைக்கும் ஒரே வேதியியல்! இதில் எனக்குள்ள வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஆனால் வயல் வேறு. இலையை அரைத்த சாற்றைப் பெட்ரித் தட்டில், அதாவது ஆய்வகத்துச் சிறு தட்டில், ஊற்றி 'முளைப்பு குறைந்தது' என்று முடிக்கும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்களோ பார்த்தீனினைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடும். மிகக் குறைந்த அளவில் அது வளர்ச்சியைத் தூண்டவும் செய்யும். டெல்டாக் களிமண்ணில் பருவம் முழுக்க உட்கார்ந்து அளக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன். தட்டுகளில் செய்தது போதும்.

வாசகருக்கு மட்டும் இரண்டு தட்டுகள் தேவை. ஒன்றில் கரையோர மண், மற்றதில் நடுவயல் மண். ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர். நாலைந்து நாளில் வேர்களை அளந்து பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால், கரையோரம் ஈரம் சீக்கிரம் வற்றுகிறதா என்று தேடலாம். எப்படியானாலும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.