இறக்கத்தில் தொடை போடும் முட்டுக்கட்டை

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். சென்ற செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவுக்குப் போய் மலைப்பாதை அரை மராத்தான் ஓடிவிட்டு வந்திருக்கிறார். மொத்தம் 21.1 கிலோமீட்டர். ஊருக்குள் தொடங்கி, யவதேஷ்வர் மலைச்சாலையில் காஸ் பீடபூமியை நோக்கி ஏறி, பாதியில் திரும்பி, அதே சாலையில் இறங்கி ஊருக்குள் முடிகிற ஓட்டம் அது. அவர் கடிதம் இப்படிப் போகிறது: "ஏறும்போது உயிர் போய்விட்டது. ஆனால் இறங்கும்போது பறந்தேன் சார், மூச்சே வாங்கவில்லை. மறுநாள் கூட ஓரளவு நடமாடினேன். அதற்கடுத்த நாள் வீட்டு மாடிப்படியில் ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கஷ்டமெல்லாம் ஏற்றத்தில்தானே? அப்புறம் ஏன் இறங்கும்போது வலிக்கிறது?"

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். நானும் சென்னையின் சமதளத்தில் பழகிவிட்டு அதே சாலையில் ஓடியவன். இறக்கத்தில் பலரைத் தாண்டி வந்த மகிழ்ச்சியும், 18ஆவது கிலோமீட்டரில் முன்தொடை நடுங்கத் தொடங்கியதும், இரண்டு நாள் கழித்து நாற்காலியில் உட்காரக் கைகளை ஊன்ற வேண்டியிருந்ததும் இன்னும் நினைவிருக்கிறது.

சாத்தாரா நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் இல்லை. தஞ்சையை ஆண்ட மராட்டியரும் சாத்தாராவிலிருந்து ஆண்ட, சிவாஜியின் பேரன் சாஹுவும் ஒரே போன்ஸ்லே குடும்பம். சிதம்பரத்தைப் பார்த்துக் கட்டிய நடராஜர் கோயில் ஒன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் டெல்டாவில் பழகிய கால்களுக்கு அந்தச் சாலை அந்நியம்தான். திருவாரூரில் ஆற்றுப்பாலத்தைத் தவிர மேடு எங்கே இருக்கிறது?

ஏற்றத்தின் கணக்கு சுலபம், பள்ளிக்கூட இயற்பியல்தான். உடலை உயரத்துக்குத் தூக்க ஆற்றல் வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் மூச்சு வாங்குகிறது. இறக்கத்தின் கணக்கைத்தான் நாம் பாதியில் விட்டுவிடுகிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 300 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஏறும்போது சேர்த்த நிலையாற்றல் ஏறத்தாழ 1,76,000 ஜூல். அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அது போதும். அடிவாரத்தில் வந்து நிற்கும்போது அந்த ஆற்றல் எங்கே போனது? காருக்கு பிரேக் இருக்கிறது, அது சூடாகிறது. ஓடுகிறவருக்குத் தொடைதான் பிரேக்.

திருவாரூர்க்காரருக்குத் தேரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஆழித்தேரை நகர்த்த வடம் பிடிக்கும் கைகள் எத்தனை! ஆனால் ஓடுகிற தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சிலர் போதும். வடம் இழுப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, முட்டுக்கட்டை போடுபவருக்கு அவ்வளவு உழைப்பு இல்லை. ஆனால் கட்டை நசுங்கிப் போகிறது. ஏற்றத்தில் நம் தசை வடம் இழுக்கிறது. இறக்கத்தில் அதே தசை முட்டுக்கட்டை ஆகிறது.

ஒவ்வொரு முறை பாதம் தரையில் விழும்போதும் முழங்கால் மடங்கப் பார்க்கிறது. அது முழுக்க மடங்கி நாம் விழுந்துவிடாமல் முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இழுத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் அது நீள்கிறது. கிணற்றில் கனமான வாளியை மெல்ல இறக்கும்போது கயிறு கையிலிருந்து நழுவிக்கொண்டே போகும், நாமும் பிடித்துக்கொண்டே இருப்போம் இல்லையா, அதுபோல. பத்து கிலோமீட்டர் இறக்கத்தில் இது பல ஆயிரம் முறை நடக்கிறது.

இந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று 1952இல் லண்டனில் அழகாக அளந்து காட்டினார்கள். பெர்னார்ட் அபட், பிரெண்டா பிக்லண்ட், மர்டாக் ரிச்சி என்ற மூன்று பேர். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைக் காலால் தடுத்துக்கொண்டே இருப்பார். சங்கிலி ஒன்றுதான் என்பதால் இருவருக்கும் ஒரே விசை, ஒரே வேகம். ஒருவரின் தசை சுருங்கி வேலை செய்கிறது, மற்றவரின் தசை நீண்டபடி வேலை செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இருவரும் பயன்படுத்திய ஆக்சிஜனை அளந்தார்கள். மிதித்தவர், தடுத்தவரைவிட வேகத்தைப் பொறுத்து இரண்டு மடங்குக்கு மேலிருந்து ஐந்து மடங்கு வரை அதிகம் செலவழித்திருந்தார். இதை ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியபோது, சிறிய உடல்வாகு கொண்ட பிக்லண்ட் சிரமமில்லாமல் தடுத்துக்கொண்டிருந்தார், பெரிய ஆளான ரிச்சி களைத்துப் போனார்.

எனக்கு இந்தச் சோதனையின் மேல் அளவில்லாத பிரியம். இரண்டு சைக்கிள், ஒரு சங்கிலி, மூச்சுக்காற்றைப் பிடிக்கும் பைகள். நம் நாட்டில் ஆராய்ச்சி நிதி கேட்கும் விண்ணப்பத்தில் "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டால் அந்த மூவராலும் அன்று எதை எழுதியிருக்க முடியும்? அந்த அறிவின் பயன் பின்னால்தான் வந்தது. நாள்பட்ட நுரையீரல் நோயால் மூச்சு போதாமல் தவிப்பவர்களின் கால் தசையை வலுப்படுத்த, மோட்டார் சுழற்றும் மிதிகட்டையைத் தடுக்கும் பயிற்சி தருகிறார்கள். குறைந்த ஆக்சிஜனில் தசைக்கு நிறைய வேலை கிடைக்கிறது. பயன் முன்கூட்டியே தெரிந்தால்தான் பணம் என்ற கொள்கை இந்த மாதிரிக் கேள்விகளைப் பிறக்கவே விடாது. நம் பல்கலைக்கழகங்களில் நான் பார்த்து வருந்தும் விஷயம் இது.

ஓட்டத்திலும் இதே கதைதான். இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் மலை ஓட்டக்காரர்களைச் சாய்ந்த டிரெட்மில்லில் ஓடவிட்டு 2002இல் வெளியிட்ட கணக்குப்படி, சமதளத்தில் ஓட ஒரு கிலோ எடைக்கு, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3.4 ஜூல் செலவாகிறது. 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்கும் சரிவில் அது பாதியாகக் குறைகிறது. அதைவிடச் செங்குத்தானால் மறுபடி கூடுகிறது. நம் வாசகருக்கு மூச்சு வாங்காததன் காரணம் இதுதான்.

சரி, செலவு ஏன் குறைகிறது? தசைநாருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாரும் சார்கோமியர் என்ற மிகச் சிறிய அறைகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஓர் அறையின் நீளம் இரண்டு, இரண்டரை மைக்ரோமீட்டர்தான். அறைக்குள் ஆக்டின், மயோசின் என்ற இருவகைப் புரத இழைகள் விரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. மயோசினின் சின்னச் சின்னக் கைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. பிடியை விட்டு அடுத்த இடத்தைப் பற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு கைக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று வேண்டும். ஏற்றத்தில் இந்தச் செலவு முழுவதும் நடக்கிறது. இறக்கத்திலோ, கை பற்றியிருக்கும்போதே உடலின் எடை இழையை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பிடி பிய்த்துக்கொண்டு வருகிறது. அப்படிப் பிய்ந்த கை, ஏடிபி செலவில்லாமலே வேறிடத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும்.

கூடவே டைட்டின் என்ற ஒரு புரதம். நமக்குத் தெரிந்த புரதங்களிலேயே ஆகப் பெரியது, 34,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் ஒரே தொடராக. அறையின் விளிம்பிலிருந்து நடுவரை நீண்டு ஒரு ஸ்பிரிங்போல வேலை செய்கிறது. தசை இயங்கும்போது கால்சியம் வந்ததும் இந்த ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகிறது. ஸ்பிரிங் இழுபட எரிபொருள் வேண்டாம். குறைந்த செலவில் நிறைய விசை கிடைப்பதில் இதற்கும் பங்குண்டு. தசையைத் தடுப்பு வேலைக்கென்றே தனியாக வடிவமைத்ததுபோல இருக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

சேதம் வருவதும் இதே இடத்தில்தான். சங்கிலியில் எல்லா அறைகளும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. சுமை இழுக்கும்போது எது நைந்ததோ அது மற்றவற்றைவிட அதிகம் நீள்கிறது. ஓரளவுக்கு மேல் நீண்டால் கோத்த விரல்கள் பிரிந்துவிடுகின்றன, பற்றிக்கொள்ள இழையே இல்லை. அந்த அறை போனதும் சுமை அடுத்த நைந்த அறைக்கு. டேவிட் மார்கன் 1990இல் முன்வைத்த விளக்கம் இது. இறக்கப் பயிற்சிக்குப் பின் தசையைத் துளி எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அறைகளின் எல்லைக்கோடுகள் நேராக இல்லாமல் வளைந்தும் குழம்பியும் தெரியும். அப்புறம் சீரமைக்கும் செல்கள் வந்து சேர்கின்றன, வீக்கம் வருகிறது, வலி நரம்புகள் கூருணர்வு பெறுகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகிறது. படி இறங்குவது அதே தசைக்கு மறுபடி அதே முட்டுக்கட்டை வேலை. ஏறும்போது வலி குறைவாக இருப்பதும் இறங்கும்போது உயிர் போவதும் அதனால்தான்.

"லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, பிழிந்து எடுக்க வேண்டும்" என்று இன்னமும் ஜிம்மிலும் மசாஜ் நிலையங்களிலும் சொல்கிறார்கள். இதை நம்பிப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, கொடுப்பவர்கள் மேல் அல்ல. 1983இலேயே ஷ்வேன் என்பவரும் சகாக்களும் இதைச் சோதித்துவிட்டார்கள். டிரெட்மில்லில் சமதளத்தில் 45 நிமிட ஓட்டம், நூற்றுக்குப் பத்து சரிவில் அதே நேரம் இறக்க ஓட்டம் என்று இரண்டையும் ஒப்பிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியது, குறிப்பிடும்படி வலி வரவில்லை. இறங்கி ஓடியபோது அமிலம் கூடவே இல்லை, வலி வந்தது. மசாஜ் இதமாக இருக்கும், வலியும் கொஞ்சம் தணியும். அமிலத்தைக் கரைக்கிறது என்பது மட்டும் பொய். ஒன்று மட்டும் கவனம்: ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். ஒரே ஒரு முறை இந்தச் சேதத்தைப் பட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அந்த அளவு சேதப்படுவதில்லை. பாதுகாப்பு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. எப்படி? 1994இல் லின், மார்கன் இருவரும் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். சில எலிகள் ஏறிப் பழகின, சில இறங்கிப் பழகின. பிறகு தொடைத் தசையில் அறைகளை எண்ணினார்கள். இறங்கிப் பழகிய எலிகளின் நாரில் வரிசையாக அதிக அறைகள் இருந்தன! சங்கிலியில் கண்ணிகள் கூடினால், அதே நீட்சியில் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சமாக நீண்டால் போதும். எதுவும் அறுபடும் எல்லைக்குப் போகாது. மனிதரிடம் இதோடு நரம்புகள் தசையை இயக்கும் விதமும், நாரைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் சேர்ந்து மாறுகின்றன.

ஆகவே பழக்கமில்லாத மலை ஊருக்கு ஓடப் போகிறவர், ஏறிப் பழகுவதோடு நிறுத்தக் கூடாது. மேம்பாலம், ஊர்க்குன்று, அடுக்குமாடி வீட்டுப் படி, எது கிடைத்தாலும் சரி. லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கினாலும் கணக்கில் சேரும். ஓட்டத்தன்று இறக்கத்தில் நீளமாக எட்டி அடி வைக்காமல் குட்டையாக, வேகமாகக் கால் வைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டுக்கட்டையின் சுமை குறையும். முடிந்தால் முதல் நாளே அந்தச் சாலையில் வண்டியில் போய்ப் பாருங்கள். கண் சரிவை மிகைப்படுத்தும் இயல்புடையது: டென்னிஸ் ப்ராஃபிட் குழுவின் சோதனைகளில் 5 பாகை மேட்டை மக்கள் 20 பாகை என்று மதிப்பிட்டார்கள். தெரியாத ஊரில் முதல் வளைவிலேயே மனம் தளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாசகர் கடைசியாகக் கேட்டிருந்தார், இந்த செப்டம்பரிலும் போகலாமா, போன வருடத்து வலி இந்த வருடத்துக்குக் காப்பாக இருக்குமா என்று. ஒரு வருடம் நீண்ட இடைவெளி, அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள், வலி வந்து அடங்கியபின் பத்து நாள் கழித்து இன்னொரு நாள், இரண்டு முறை நன்றாக இறங்கிப் பழகுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய பத்து நாள் இதைச் செய்ய வேண்டாம். நானும் ஆகஸ்டில் பரங்கிமலைப் படிகளில் இறங்கத்தான் போகிறேன்.