டிரான்சிஸ்டரைத் திட்டாதீர்கள், பயாஸை அளந்து பாருங்கள்

சித்திரையில் கோவில் கொடைகள் தொடங்கிவிட்டால் போதும், அவுட்புட் வெந்த ஆம்ப்ளிஃபயர்கள் பழுதுக்கு வரிசைகட்டும். கூடவே அதே புகார்: “டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் அண்ணாச்சி, மாத்த மாத்தப் போவுது.” டூப்ளிகேட் இல்லாமல் இல்லை. ஆனால் மாற்றியதெல்லாம் வெந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் கரண்ட் ஓடும்படி வைக்கும் அமைப்பை.

இதைவிட எரிச்சல், மல்டிமீட்டரில் கெயின் (பேஸ் காலில் போகும் கரண்ட்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) பார்த்து டிரான்சிஸ்டர் பொறுக்குவது. டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால். ஒரு சின்ன சர்க்யூட்டைப் பாருங்கள்: பேஸுக்கு 12 வோல்ட்டிலிருந்து ஒரே ஒரு 1.2 மெகா ஓம் ரெசிஸ்டர், கலெக்டரில் 2.7 கிலோ ஓம். கெயின் 200 உள்ள பிசி 547 என்ற சின்ன டிரான்சிஸ்டரைப் போட்டால் கலெக்டரில் 7 வோல்ட் அளவு நிற்கும். அருமை! அதே இடத்தில் 500 உள்ளதைப் போட்டால் கலெக்டர் பூஜ்யத்தை ஒட்டிவிடும், அலையில் ஒரு பாதி வெட்டுப்படும். இரண்டுமே ஒரிஜினல் 547தான். அந்த எண்ணுக்குள் கெயின் 110 முதல் 800 வரை வரும். சரி, பொறுக்கியே போட்டீர்கள். மேசையில் மீட்டர் காட்டிய கெயின் தகரக் கொட்டகைச் சூட்டில் அப்படியே இருக்குமா? சூடு ஏற ஏற அதுவும் ஏறும். குறிப்பிட்ட கெயின் இருந்தால்தான் ஓடும் என்றால் அந்தச் சர்க்யூட்டே தப்பு.

அதற்குப் பதில் பேஸுக்கு மேலே 47 கிலோ, கீழே 10 கிலோ, கலெக்டரில் 2.2 கிலோ, எமிட்டரில் 680 ஓம் போடுங்கள். கெயின் 100 ஆனாலும் 500 ஆனாலும் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியரைச் சுற்றியே நிற்கும். எமிட்டரின் 680 ஓமுக்குக் குறுக்கே 100 மைக்ரோ கபாசிட்டர் மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் சத்தம் குறைந்துபோச்சு என்று 680ஐயே பிடுங்கி எறிவீர்கள்.

ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும் அவுட்புட் பக்கம் வாருங்கள். பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் இறங்கும். ஹீட்சிங்க் 40 டிகிரி ஏறினால் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் 80 மில்லி வோல்ட். பயாஸ் அதோடு சேர்ந்து இறங்காவிட்டால் கரண்ட் ஏறும், சூடு ஏறும், மறுபடி கரண்ட் ஏறும், கடைசியில் புகைதான். அதனால் பயாஸ் பார்க்கும் பிடி 139 டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கில்தான் உட்கார வேண்டும், அடியில் மைக்கா, பேஸ்ட்டோடு. வயர் எட்டவில்லை என்று போர்டிலேயே நிற்கவிடும் வேலை இனி வேண்டாம். பயாஸைத் திருப்பி வைக்கும் பிரீசெட் (திருகும் சின்ன ரெசிஸ்டர்) பிடி 139இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் வரட்டும். பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் குறையுமே தவிர ஏறாது.

புது அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி போட்டதும் பிரீசெட்டைப் பயாஸ் மிகக் குறையும் பக்கம் திருப்புங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, மெயினில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகக் கொடுங்கள். பல்பு மின்னி மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 5.5 மில்லி வோல்ட் வரும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அது 25 மில்லி ஆம்பியர். போர்டுக்காரர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளங்கள்.

ரேடியோ செட் போடும் தம்பிகளா, ஆம்ப்ளிஃபயர் மேல் தார்ப்பாயை மட்டும் போர்த்தாதீர்கள், ஐயா.