பச்சை குத்தும் மைக் கிண்ணம்

சென்ற மாதம் பெகுப் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி தம் பேரனை, ரங்கூனில் நான் நடத்திவரும் தோல்நோய் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். பேரனின் தோளில் சிவப்பு மையால் குத்தப்பட்ட காப்புச் சக்கரம் தடித்து, அரித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. "எனக்கும்தான் சின்ன வயசுல குத்துனாங்க, சயாமா. ஒண்ணும் ஆகலையே" என்று, பெண் மருத்துவரைப் பர்மியர் அழைக்கும் சொல்லால் என்னை அழைத்துச் சொல்லி, மூதாட்டி முன்கையில் மங்கிக் கிடந்த தேளையும் கோலப் புள்ளிகளையும் காட்டினார். விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, அவருடைய தாயாரே வீட்டுத் திண்ணையில் குத்திய பச்சை அது. அந்தச் சிரட்டை மை அன்று அவர் ஒருத்திக்காகவே குழைக்கப்பட்டது. பேரனோ, வேறு மூன்று பேரோடு ஒரே பாயில் வரிசையாக அமர்ந்து, ஒரே கோலால், ஒரே கிண்ணத்து மையால் குத்திக்கொண்டான்.

கையால் பச்சை குத்துவதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. கைப்பக்குவம் அறிந்த ஒரு சயா, அதாவது பச்சை குத்தும் ஆசான், நுனி பிளந்த நீண்ட பித்தளைக் கோலை ஒரு கை விரல்களால் தாங்கி, மறு கையால் மெல்ல அழுத்திக் குத்தும்போது தோல் பெரிதாகக் கிழிவதில்லை. மேல்தோலுக்குக் கீழே ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்கும் கரித்துகளை அங்குள்ள செல்கள் விழுங்கிக்கொள்கின்றன. அவை மடியும்போது புதிதாக வரும் செல்கள் அதே துகளை விழுங்குவதால்தான் பச்சை வாழ்நாள் முழுவதும் நிற்கிறது. பர்மிய ஆண்கள் இடுப்பு முதல் முழங்கால் வரை குத்திக்கொண்டதும், 1930-இல் சயா சான் தலைமையில் எழுந்த உழவர்கள் குண்டு துளைக்காது என்று நம்பிக் காப்புப் பச்சையோடு களம் இறங்கியதும் இந்த மண்ணின் வரலாறு. பர்மிய நண்பர்களோடு வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகள் அந்தக் காப்பை விரும்புவதில் வியப்பில்லை.

என் கவலையெல்லாம் அந்தக் கிண்ணத்தைப் பற்றியதுதான். கோலின் பிளவு மையைத் தேக்கி வைப்பதுபோலவே குத்தும்போது கசியும் இரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கோல் மறுபடி மையில் தோயும்போது அந்த இரத்தம் கிண்ணத்தில் கலந்து, அடுத்து அமர்பவரின் தோலுக்குள் போகிறது. ஆகவே கோலையோ ஊசியையோ மாற்றிவிட்டு மையை மாற்றாமல் விட்டால் பாதுகாப்பு பாதியிலேயே நின்றுவிடும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த பரப்பிலும், குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். கோலை ஸ்பிரிட்டில் துடைப்பதும் விளக்குத் தீயில் காட்டுவதும் பிளவின் உட்புறத்தைத் தூய்மை செய்வதாக நம்ப முடியாது. நன்றாகத் தேய்த்துக் கழுவியபின், உறையிலிட்டு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைக்க வேண்டும்.

2015-இல் இந்நாட்டில் நடந்த தேசிய ஆய்வில் நூற்றுக்கு 6 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் பி தொற்றோடு இருப்பது தெரியவந்தது. தொற்றியவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் ஒன்று முதல் ஆறு மாதம் கழித்தே வரும். பலருக்கு வெளியே எதுவும் தெரியாமலேயே ஈரல் கெடும். அதனால்தான் யாரும் அந்தப் பாயை நினைத்துப் பார்ப்பதில்லை. இதேபோல் இரத்தத்தால் பரவும் ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிவிடுகிறது. பி வகையைக் கட்டுப்படுத்தத்தான் முடியும். ஆனால் அதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணையையும் முடித்துவிட்டுப் பச்சை குத்தப் போகலாம்.

சயாவிடம் தூய்மையைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு: காணிக்கைத் தட்டில் தேங்காய், வாழைப்பழத்தோடு, பிரிக்காத ஊசி உறையையும் புதிய சிறு மைக் கிண்ணங்களையும் பிரிக்காத மைப் புட்டியையும் வைத்துக் கொடுங்கள். மனம் கோணாமல் வாங்கிப் பயன்படுத்திய சயாக்கள் உண்டு.

பேரனின் அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சிவப்பு மைதான். பழைய முறைச் சிவப்பில் பாதரசம் கலந்த சாதிலிங்கம் இருப்பதுண்டு, அது சிலர் உடலுக்கு ஒவ்வாது. களிம்பு கொடுத்திருக்கிறேன். இரத்தப் பரிசோதனையை இப்போது ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து மறுமுறையும் செய்யவேண்டும். அதே பாயில் அமர்ந்த மற்ற மூவரையும் அழைத்துவரச் சொன்னேன். இதுவரை இருவர் வந்திருக்கிறார்கள்.