பசளை மானியப் பணம் உங்கள் கணக்குக்கு ஏன் வரவில்லை?

இலங்கையில் பசளை மானியம் இப்போது மூட்டையாக வருவதில்லை, வங்கிக் கணக்குக்குப் பணமாக வருகிறது. 2024/25 பெரும்போகத்துக்கு நெல் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆகக்கூடியது 2 ஹெக்டேயர். நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 10,000, ஐந்து ஏக்கர் வரைக்கும். திட்டம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் வயலையும் விவசாயியையும் பதிகிற அரசு அலுவலகமான கமநல சேவை நிலையத்து வாசலில் நடக்கிற கதை.

வயல் செய்கிறவருக்குத்தான் மானியம் என்பார்கள். ஆனால் அலுவலகத்தில் பார்ப்பது பதிவேட்டில் இருக்கிற பெயரை. திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்கிறவர்கள் அடிபடுவது இங்கேதான். காணிக்காரர் கொழும்பில் இருப்பார், காசு அவர் கணக்கில் விழும், கடன் வாங்கிப் பசளை எறிந்தவர் பார்த்துக்கொண்டிருப்பார். விதைப்புக்கு முன்பே உங்கள் பெயரைச் செய்கையாளராகப் பதியக் கேளுங்கள். காணிக்காரர் கையெழுத்து வைக்கத் தயங்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, அதனால் காணி கைவிட்டுப் போகும் என்ற பயம். சரி, அவர் மறுத்தால் மானியத் தொகையைக் குத்தகையில் கழிப்பதென்று முதலிலேயே பேசி, இரண்டு பேர் முன்னிலையில் எழுதிக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது.

அடுத்தது, இறந்த அப்பாவின் பெயரிலேயே கிடக்கும் காணி. மரணச் சான்றிதழ் கேட்பார்கள். கொண்டுபோனால் சகோதரர்களின் சம்மதக் கடிதம் என்பார்கள், அப்புறம் கிராம சேவகர் கடிதம். ஒவ்வொரு முறையும் ஒரு கடதாசி குறையும். முதல் நாளே என்னென்ன வேண்டும் என்று முழுவதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் நீங்களே எழுதி, அந்த உத்தியோகத்தரிடம் வாசித்துக் காட்டி, திகதியும் போட்டு வையுங்கள்.

கமநல சேவை நிலையத்துக்குக் கட்டவேண்டிய ஏக்கர் வரி நிலுவை இருந்தால் பேச்சே எடுக்க முடியாது. கட்டுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கும் போங்கள். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு ஏக்கர் என்று அங்கே முடிவாகும். அதை மீறி விதைத்த வயலுக்காக நாளைக்கு யாரும் வாதாட வரமாட்டார்கள்.

வங்கியிலும் ஒரு பொறி உண்டு. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் பணம் திரும்பிப் போகலாம். நெடுநாள் தொடாத கணக்கும் அப்படித்தான். போகம் தொடங்குமுன் நூறு ரூபாய் போட்டுப் பாருங்கள்.

சிங்களத்தில் மட்டும் படிவம் நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. இது சலுகை இல்லை, அரசியலமைப்பில் உள்ளது.

விதைப்போடு போடும் முதல் பசளையான அடிக்கட்டுப் பசளை போடும் நேரத்துக்குப் பணம் வந்தால் அதிர்ஷ்டம். பிந்தி வரும் அந்தப் பணத்தைக் குறிவைத்து நிற்பவர்கள் நீரில் கரையும் பசளை விற்க வருகிறவர்கள்தான். "ஒரு பைக்கற் போதும், யூரியா தேவையில்லை" என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன். அதே அளவு நைதரசனுக்கு 19-19-19 (நைதரசன், பொஸ்பரசு, பொட்டாசியம் மூன்றும் 19 சதவீதம்) கரைசல் பசளை 120 கிலோவுக்கு மேல் வேண்டும். யூரியாவும் தண்ணீரில் முழுக்கக் கரைவதுதான்! நிலாவெளி, குச்சவெளி மணல் நிலத்தில் வெங்காயத்துக்குச் சொட்டுநீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கக் கரையும் பசளை நல்லது, ஒரேயடியாகப் போட்டால் மணலில் கீழே இறங்கிவிடும். நெல் வயலுக்கு அதை யூரியாவுக்குப் பதிலாக நம்பாதீர்கள். மண்ணைத் திருத்தும் என்பதும் பாதிப் பேச்சு. பயிருக்குச் சத்துத்தான் போகும். மண்ணுக்கு வைக்கோலும் சாணமும் வேண்டும். சத்து விகிதமும் இறக்குமதியாளர் பெயரும் அச்சடிக்காத பைக்கற்றைத் தொடவேண்டாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது கடைக்காரர் கடமை, மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம். பயிர்ச் சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையா? "மேலிருந்து வரவில்லை" என்ற பதிலோடு வீட்டுக்குப் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பட்டியலில் என் பெயர் உண்டா, இல்லையென்றால் என்ன காரணம், யார் நீக்கினார் என்று தமிழிலேயே எழுதி தகவல் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லியாகவேண்டும்.