சேமநிதிப் பணத்தில் மின்கார் பங்கு வாங்கலாமா?

தஞ்சோங் மாலிம் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனைக்கு நடுவே கார் வந்தது. மலேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் தன் மின்கார் ஆலையை 2025 செப்டம்பரில் இங்கேதான் திறந்தது. சீனாவின் பிஒய்டி கார் நிறுவனமும் இங்கே கார் பொருத்தும் ஆலை போடப்போவதாக அதே ஆண்டில் அறிவித்தது. அதிலிருந்து ஊரில் எல்லோர் வாயிலும் மின்கார்தான். போன மாதம் ஒட்டுக்கடையில் தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இபிஎப் காசுல டெஸ்லா, பிஒய்டி பங்கு வாங்கலாம்னு ஒருத்தர் தாமான்ல வந்து சொல்லிட்டுப் போறாரே, நெசமா?"

பாதி நிஜம். அந்தப் பாதி எது என்று பார்ப்போம்.

இபிஎப் எனப்படும் ஊழியர் சேமநிதியில் 'உறுப்பினர் முதலீட்டுத் திட்டம்' என்று ஒன்று உண்டு. 55 வயது ஆகாதவர்கள் தங்கள் சேமிப்பில் ஒரு பகுதியை வெளியே முதலீடு செய்ய இது வழிவிடுகிறது. ஆனால் தனி நிறுவனத்தின் பங்கை நேராக வாங்க முடியாது. சேமநிதி அங்கீகரித்த நிறுவனங்கள் நடத்தும் யூனிட் டிரஸ்ட்டில், அதாவது பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதியில் மட்டுமே போடலாம். அந்த யூனிட் டிரஸ்ட் வாங்கி வைத்திருக்கும் பல பங்குகளில் ஒரு கார் நிறுவனமும் இருக்கலாம், அவ்வளவுதான். "பத்து டெஸ்லா பங்கு வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அது இந்தத் திட்டமே இல்லை.

அடுத்தது எவ்வளவு என்பது. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு பெர்சாராஆன் என்ற ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 செஜாத்ரா கணக்குக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபெல் கணக்குக்கு. முதலீட்டுத் திட்டம் பெர்சாராஆன் கணக்கை மட்டுமே தொடும். அதிலும் உங்கள் வயதுக்கு 'அடிப்படைச் சேமிப்பு' என்று ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருக்கும் பணத்தில் 30 விழுக்காடுதான் எடுக்கலாம். உங்கள் வயதுக்கான தொகை 80,000 வெள்ளி (ரிங்கிட்), கணக்கில் இருப்பது ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உபரி 20,000. அதில் 30 விழுக்காடு 6,000. ஒரு தடவைக்குக் குறைந்தது 1,000 வெள்ளி போட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் போட முடியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இடிக்கும் இடம் இந்த உபரிதான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிச் சந்தாவில் தொழிலாளி பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு, சேர்த்து மாதம் 408 வெள்ளி. பெர்சாராஆனுக்கு அதில் 306. இப்படியே பத்து வருஷம் போட்டாலும் ஈவுத்தொகை நீங்கலாக 36,720 வெள்ளிதான் நிற்கும். இதற்கிடையில் அடிப்படைச் சேமிப்பின் இலக்கும் 2026 முதல் படிப்படியாக ஏறுகிறது. முன்பு 55 வயதுக்கு 240,000 வெள்ளி என்றிருந்தது, இனி 60 வயதுக்கு 390,000 வெள்ளியை நோக்கிப் போகிறது. இலக்கு ஏறினால் உபரி சுருங்கும். தோட்டத்தில் பலருக்கு எடுக்கத் தகுதியான தொகை சுழியம் என்றுதான் காட்டும். சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து பார்த்தால் உங்கள் கணக்கு தெரிந்துவிடும்.

சரி, தகுதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். முகவர் மூலம் போனால் விற்பனைக் கட்டணம் 3 விழுக்காடு வரை பிடிப்பார்கள். செயலிக்குள் இருக்கும் ஐ-இன்வெஸ்ட் வழியாக நீங்களே செய்தால் அதிகபட்சம் 0.5 விழுக்காடு. 6,000 வெள்ளிக்கு 180 எங்கே, 30 எங்கே! வெளியே போன பணத்துக்குச் சேமநிதியின் ஈவு கிடையாது. 2024க்கு அந்த ஈவு 6.30 விழுக்காடு என்பதை மறக்க வேண்டாம். நஷ்டம் வந்தால் யாரும் ஈடு தர மாட்டார்கள். லாபத்தில் விற்றாலும் பணம் கைக்கு வராது, சேமநிதிக் கணக்குக்கே திரும்பும்.

மின்கார் நிறையப் பேர் வாங்குகிறார்களே, பங்கும் ஏறத்தானே வேண்டும் என்பார்கள். கார் விற்பது வேறு, கம்பெனி சம்பாதிப்பது வேறு. 2023 தொடக்கத்தில் டெஸ்லா விலையைக் குறைத்தது, சீன நிறுவனங்களும் போட்டி போட்டுக் குறைத்தன. முழு மின்கார் விற்பனையில் 2025இல் பிஒய்டி டெஸ்லாவை முந்திவிட்டது. ஆனால் அதே போட்டியில் பிஒய்டியின் லாபமும் அடிவாங்கியது. அமெரிக்காவின் ஃபிஸ்கர் 2024இல் திவாலானது. நம் சாலைகளிலேயே ஓடும் நேத்தா காரைச் செய்த சீன நிறுவனம் 2025இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. முந்துகிறவனுக்கே மூச்சு வாங்கும் பந்தயம் இது.

உள்ளூர் புரோட்டோன் பங்கு வாங்கலாமே என்றால், புரோட்டோன் பங்குச் சந்தையில் இல்லை. அதில் பாதிக்குச் சற்று மேல் டிஆர்பி-ஹைகோம் என்ற உள்ளூர்க் குழுமத்திடம், மீதி சீனாவின் கீலி கார் நிறுவனத்திடம். டிஆர்பி-ஹைகோம் பங்கை வாங்கினால் அதே குழுமத்தில் இருக்கும், தபால் பட்டுவாடா செய்யும் போஸ் மலேசியாவும் கூடவே உங்கள் தலையில் வந்து உட்காரும்.

தம்பி அங்கேயே செயலியைத் திறந்தார். தகுதித் தொகை சுழியம். "அப்போ அந்த ஆள் எந்தக் காசக் கேட்டாரு?" என்றார். ஃபிளெக்சிபெல் காசைத்தான். அதை 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எடுத்து யாரிடம் கொடுத்தாலும் அது உங்கள் பாடு. பங்கு வாங்கியே தீர வேண்டும் என்றால் உரிமம் பெற்ற பங்குத் தரகரிடம் உங்கள் பெயரிலேயே கணக்கு திறக்கலாம். வந்தவர் பெயரும் கம்பெனிப் பெயரும் முதலீட்டுத் தொழிலைக் கண்காணிக்கும் பத்திர ஆணையத்தின் உரிமப் பட்டியலில் இருக்கிறதா, எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையப் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நானே செய்து தருகிறேன் என்று செயலியின் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுக்காதீர்கள், கேட்பவர் சொந்த மாமாவாக இருந்தாலும்.